ஸ்கூல் பக்கத்து நடைபாலம் ரிப்பேர்: மூணரை ஸ்டார், ஏன்னு சொல்றேன்

மிக்ஸிக்கும் பிரியாணிக்கும் ரிவ்யூ போடுறவங்க இருக்காங்க, நான் ஒரு பாலம் ரிப்பேருக்கு போடுறேன், சிரிக்காதீங்க. மிக்ஸி புடிக்கலைன்னா வேற வாங்கிக்கலாம், பிரியாணில உப்பு கூடிப்போச்சுன்னா பக்கத்து கடைக்கு போயிக்கலாம், எங்க ஊர்ல நடைபாலம்னு இருக்குறது ஒண்ணே ஒண்ணு. இந்தப் பக்கம் ஊரு, அந்தப் பக்கம் ஸ்கூலு, நடுவுல வாய்க்கா. தஞ்சாவூர் ஜில்லா, ஒரத்தநாடு பக்கம், கல்லணைக் கால்வாய்லேருந்து பிரியுற வாய்க்காதான், ஆனா தண்ணி வந்துடுச்சுன்னா ஒரு ஆள் ஆழம் ஓடும். பாலம் வேணாம்னா ரோட்டு பாலத்தை சுத்திக்கிட்டு போகணும், ஒன்றரை கிலோமீட்டர், அதுவும் கரும்பு லாரி போற ரோடு.

நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் பதினஞ்சடி தள்ளி ஜெராக்ஸ் கடை வச்சிருக்குறவ. பதினோரு வருஷமாச்சு. ஊர்ல எவன் மனு குடுத்தாலும் என் கடையிலதான் டைப் அடிச்சு நகல் எடுப்பான், அதனால பாலத்தை பத்தி வெளியில பேசுனதும் தெரியும், பேப்பர்ல எழுதுனதும் தெரியும். ரெண்டும் ஒண்ணா இருந்ததில்ல, அதையும் பின்னாடி சொல்றேன்.

ரிப்பேர் ரெண்டு தடவை நடந்துச்சு. 2022ல ஒண்ணு, 2025ல ஒண்ணு. மொத வேலைக்கு ஒரு ஸ்டார் கூட கெடையாது, ரெண்டாவதுக்குத்தான் இந்த மூணரை. கான்ட்ராக்டர் பேரெல்லாம் போடல, கேக்காதீங்க.

பாலம் எப்புடி இருக்கும்னா நாப்பத்திரெண்டு அடி நீளம், அஞ்சு அடி அகலம், நடுவுல ரெண்டு செங்கல் தூண், மேல காங்கிரீட் தளம் மூணு பாகமா. தூண்ல சிமெண்ட்லயே 1988ன்னு எழுதியிருக்கும். கைப்பிடி அந்த காலத்து ஜிஐ பைப்பு. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல எங்க பக்கம் தென்னமரம் எல்லாம் சாஞ்சுச்சுல்ல, அதுல ஒரு மரம் நேரா பாலத்து மேல வந்து விழுந்து எட்டடி கைப்பிடிய வாய்க்கால்ல தள்ளிட்டு போயிடுச்சு. அந்த எட்டடிக்கு சவுக்கு கட்டைய வச்சு நைலான் கயிறு கட்டுனாங்க. தற்காலிகம்னு சொன்னாங்க. அந்த தற்காலிகம் மூணு வருஷத்துக்கு மேல ஓடுச்சு, கயிறை மட்டும் யாராவது அப்பப்ப மாத்துவாங்க, பெரும்பாலும் ஸ்கூல் வாட்ச்மேன் தாத்தாதான்.

ஆனா கைப்பிடி கண்ணுக்கு தெரிஞ்ச சேதம். தெரியாதது அடியில இருந்துச்சு. கோடையில வாய்க்கா காஞ்சு கெடக்கும்போது எறங்கி அண்ணாந்து பாத்தா தளத்தோட அடிப்பக்கம் காங்கிரீட் பொரிஞ்சு பொரிஞ்சு கம்பி வெளிய தொங்கும். மேல மழைத்தண்ணி வடியுறதுக்கு ஓட்டை விட்டிருக்காங்க, அதுல மண்ணு, மிட்டாய் பேப்பரு, இலைன்னு அடைச்சுக்கிட்டு தண்ணி குளமா நிக்கும், நின்ன தண்ணி வெடிப்பு வழியா எறங்கி கம்பிய தொடும். கம்பி துரு பிடிச்சா மெலியும்னுதான் நானும் நெனச்சிருந்தேன். மெலியுறது உண்மைதான், ஆனா அந்த துரு இருக்கே, அது பழைய இரும்பு இருந்த எடத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல எடம் கேக்கும், உள்ளேருந்தே காங்கிரீட்டை நெட்டி தள்ளும், அதான் பொரியுது. இதை எனக்கு சொன்னது இன்ஜினியர் இல்ல, ரெண்டாவது தடவை வந்த மேஸ்திரி, அவரைப் பத்தி நெறைய சொல்லணும், கொஞ்சம் பொறுங்க.

மொத ரிப்பேர் 2022 மார்ச். மார்ச்னாலே புரிஞ்சிருக்கும், அரசாங்கத்து கணக்கு வருஷக் கடைசி. ரெண்டே நாள். மூணு பேர் வந்தாங்க, ஒரு கலவை சட்டி, நாலு மூட்டை சிமெண்ட், ஒரு ஏணி. அடியில தொங்குன கம்பி மேலயே கலவைய அள்ளி அப்பி மட்டக்கட்டை வச்சு இழுத்து விட்டுட்டாங்க. துருவ சுரண்டல, பொரிஞ்சதை தட்டி எடுக்கல, ஒரு கம்பி பிரஷ் கூட அவங்க கையில நான் பாக்கல. கைப்பிடிக்கு புது பைப்பு வச்சு வெல்டிங் அடிச்சு மஞ்சளும் கருப்பும் பெயின்ட் அடிச்சதும் பாலம் பளபளன்னு ஆயிடுச்சு. ஊர்ல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான், பொய் சொல்லல, நானே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன்.

அந்த வருஷம் ஐப்பசில, அக்டோபர் 30, குஜராத்துல மோர்பின்னு ஒரு ஊர்ல தொங்கு பாலம் அறுந்து விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா, 135 பேர் செத்துப்போனாங்க. கடையில டிவி ஓடிக்கிட்டே இருந்துச்சு, நகல் எடுக்க வந்தவங்க எல்லாம் நின்னு பாத்துட்டு போனாங்க. அந்த பாலம் மாசக்கணக்கா மூடி ரிப்பேர் பாத்து அக்டோபர் 26ம் தேதிதான் தொறந்திருக்காங்க. தொறந்து நாலே நாள். பின்னாடி விசாரணையில என்ன வந்துச்சுன்னா, நடக்குற பலகைய மாத்திட்டாங்க, மரத்தை எடுத்துட்டு அலுமினியம் போட்டிருக்காங்க, ஆனா பாலத்தை தாங்குற பழைய கேபிளை மாத்தவே இல்ல, ஒரு கேபிள்ல 49 கம்பின்னா அதுல 22 கம்பி முன்னாடியே துருப்பிடிச்சு போயிருந்துச்சுன்னு. கால் வைக்கிற எடம் புதுசு, தாங்குற எடம் பழசு.

அதைப் பாத்து சரியா பத்து நாள் இருக்கும், எங்க பாலத்துல அப்புன கலவை அப்பளமாட்டம் உரிஞ்சு விழுந்துச்சு. ஒரு தாம்பாளம் அளவு துண்டு, பெண்டுங்க துணி தொவைக்குற படித்துறை மேல. மத்தியானம் ரெண்டு மணி, யாரும் இல்ல, மாரியாத்தா புண்ணியம். சத்தம் கேட்டு ஓடிப்போய் அந்த துண்டை எடுத்து திருப்பி பாத்தா கம்பி இருந்த எடத்துல துரு அச்சு அப்புடியே செவப்பா கோடு கோடா ஒட்டியிருக்கு. கம்பி மேல கலவை ஒட்டவே இல்ல, துரு மேல ஒட்டியிருக்கு, துரு கழண்டுச்சு அதுவும் கழண்டுச்சு. அந்த துண்டு இன்னும் கடையில பேப்பர் வெயிட்டா இருக்கு.

அடுத்த வருஷம் நடு தளத்துல ஓட்டையே விழுந்துடுச்சு, ஒரு தேங்கா போற அளவு. கீழ தண்ணி ஓடுறது தெரியும். சின்னப்புள்ளைங்களுக்கு அது ஒரு வேடிக்கை, குனிஞ்சு பாத்து கல்லு போடுவாங்க. ஒரு பலகைய போட்டு மேல கல்லு வச்சோம். மழைக்காலத்துல அதை தாண்டும்போது ஒவ்வொரு அம்மாவும் புள்ளைய இடுப்புல தூக்கிக்குவாங்க, நாலாவது படிக்கிற புள்ளையா இருந்தாலும்.

சரி, யார்கிட்ட போய் கேக்குறது? இங்கதான் கூத்து. தண்ணி பாக்குற ஆபீஸ்ல கேட்டா வாய்க்காதான் எங்களது பாலம் எங்களது இல்லன்னாங்க, ரோடு பாக்குற ஆபீஸ்ல கேட்டா ரோடு மேல இருந்தாத்தான் பாலம், இது வாய்க்கா மேல இருக்குன்னாங்க. அப்ப 2022ல ரிப்பேர் பண்ணுனது யாரு, பேயா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு, அதான் ஆர்டிஐ, போட்டேன். பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, மொத ரிப்பேரோட எஸ்டிமேட், அளவு புத்தகம் ரெண்டும் நகல் வேணும்னு எழுதுனேன். முப்பது நாள் கணக்கு, நாப்பதாவது நாள் வந்துச்சு. பக்கத்துக்கு ரெண்டு ரூபா கட்டணும், என் கடை ரேட்டும் அதேதான், அந்த வகையில அரசாங்கத்து மேல எனக்கு வருத்தம் இல்ல. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னா, தளர்ந்த காங்கிரீட்டை தட்டி எடுத்தல், கம்பியில துரு நீக்குதல், துரு தடுப்பு பூசுதல், எல்லாத்துக்கும் சதுர மீட்டர் போட்டு அளவெடுத்து கையெழுத்து. நான் எதிர்ல உக்காந்து ரெண்டு நாளும் பாத்தவ. அதான் மொதல்லயே சொன்னேன், பேசுனதும் எழுதுனதும் வேற வேற.

ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, ஆர்டிஐல பேப்பர் மட்டும் இல்ல, வேலை நடக்கும்போதே போய் பாக்குறதுக்கும், சாமான்ல சாம்பிள் எடுத்துக்குறதுக்கும் 2005 சட்டத்துலயே எடம் இருக்கு. இது எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா.

அந்த நகலை ஸ்கூல் மேலாண்மைக் குழுவுல வச்சோம், அவங்க தீர்மானம் போட்டாங்க, அப்புறம் 2025 ஜனவரி 26 கிராம சபையில ஊரே கத்துச்சு. அன்னைக்கு நான் ஒண்ணே ஒண்ணு எந்திரிச்சு சொன்னேன், வழக்கமா மேட்டூரை ஜனவரி 28 மூடுவாங்க, ஜூன் 12 தொறப்பாங்க, நடுவுல நாலரை மாசம் வாய்க்கா காஞ்சு கெடக்கும், அதுல மே மாசம் புள்ளைங்களுக்கும் லீவு, இதை விட்டா வேலை பாக்க நேரம் கெடையாதுன்னு. எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. வேலை ஆரம்பிச்சது மே 12. நாலரை மாசத்துல மூணரை மாசம் பேப்பரே தின்னுடுச்சு. அஞ்சு ஸ்டார்ல ஒரு ஸ்டார் கொறஞ்சது இதுக்குத்தான்.

இப்ப வேலைக்கு வர்றேன். இந்த டீமை பாராட்டித்தான் ஆகணும். மேஸ்திரி திருவாரூர் பக்கத்து ஆளு, அம்பது வயசு இருக்கும், கூட கம்பி வேலைக்கு ரெண்டு பேரு, சித்தாள் மூணு பேரு. வந்த அன்னைக்கு ஒரு சாமானும் எறக்கல. ஒரு சின்ன சுத்தியல எடுத்துக்கிட்டு வாய்க்கால்ல எறங்குனாரு. எறங்கி ஏணி மேல நின்னு தளத்தோட அடியில ஒரு சாண் ஒரு சாணா தட்டிக்கிட்டே போறாரு. நல்ல எடத்துல டங்கு டங்குன்னு கேக்குது, கெட்டுப்போன எடத்துல டொப்பு டொப்புன்னு பானைய தட்டுன மாதிரி. டொப்புன்னா உடனே சாக்பீஸ்ல வட்டம். நானும் கடைய விட்டுட்டு போய் நின்னேன். "என்னண்ணே, ஜோசியம் பாக்குறீங்களா"ன்னு கேட்டேன். "ஆமா தங்கச்சி, இது சொல்றது பொய்யாவாது, இந்தா நீயே தட்டிப் பாரு"ன்னு சுத்தியல நீட்டுனாரு. தட்டுனேன். காதுக்கு அம்புட்டு சுளுவா தெரியுது வித்தியாசம், ஒரு மணி நேரத்துல எனக்கே வந்துடுச்சு. சாயங்காலம் பாத்தா அடிப்பக்கம் முழுக்க வட்டம் வட்டமா அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு. பெயின்ட் அடிச்சு பளபளன்னு நின்ன எடத்துலயும் வட்டம்.

ரெண்டாவது நாள் ஜேஇ, அதான் ஜூனியர் இன்ஜினியர், வந்தாரு, சின்ன பையன்தான், புதுசா வேலைக்கு சேந்திருப்பாரு போல. உடைச்ச எடத்துல ஒரு பாட்டில்லேருந்து தண்ணி மாதிரி ஒண்ணை பீச்சி அடிச்சாரு. உள்பக்கம் ரோஸ் கலரா மாறுச்சு, வெளிப்பக்கம் ரெண்டு விரல் கனத்துக்கு கலரே மாறல. வேடிக்கை பாத்த பிளஸ் டூ பையன் ஒருத்தன், "அக்கா இது பினாப்தலின், எங்க கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கு, காரத்துலதான் கலர் வரும்"னான். ஜேஇ சிரிச்சுட்டு அவனுக்கே விளக்குனாரு, காங்கிரீட்டுல காரம் இருக்குற வரைக்கும் கம்பிக்கு துரு ஏறாது, காத்துல இருக்குற கரியமில வாயு வருஷக்கணக்கா உள்ள எறங்கி அந்த காரத்தை கொன்னுடும், கலர் வராத எடம் செத்த எடம், அது கம்பி வரைக்கும் போயிடுச்சுன்னா மேல என்ன பூசுனாலும் வேஸ்டுன்னு. எங்க பாலத்துல அது கம்பிய தாண்டி போயிருந்துச்சு.

உடைக்குறதுக்கு முன்னாடி அடியில முட்டு குடுத்தாங்க, இரும்பு ஜாக்கியும் சவுக்கும் மாத்தி மாத்தி. 2022ல முட்டே குடுக்கலன்னு அப்பதான் உறைச்சுச்சு. அப்புறம் உடைச்சாங்க, கம்பிக்கு முன்னாடி மட்டும் இல்ல, கம்பிக்கு பின்னாடி விரல் போற அளவுக்கு தோண்டி. நடு தளத்துல பன்னெண்டு எம்எம் கம்பின்னு போட்டிருக்காங்க, ஒரு கம்பிய கிளிப்பு மாதிரி ஒண்ணு வச்சு அளந்தாரு மேஸ்திரி, ஏழு கூட வரல. ஒரு எடத்துல கம்பியே இல்ல, துரு மட்டும் கோடா இருக்கு, தொட்டா விபூதி மாதிரி கையோட வருது. அதை எனக்கு காட்டிட்டு அவரு ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் சொல்லல. அந்த எடத்துக்கு நேர் மேலதான் தெனம் நாலு பத்து பெல்லுக்கு புள்ளைங்க மொத்தமா வந்து நிக்கும், யார் மொதல்ல தாண்டுறதுன்னு.

கணக்கு ஒண்ணு சொல்றேன். நடைபாலத்துக்கு கூட்டம் கூடுற எடம்னா சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்கணும்னு கணக்கு வச்சு கட்டணுமாம், ஜேஇதான் சொன்னாரு. எங்க பாலம் கிட்டத்தட்ட இருவது சதுர மீட்டர், அப்ப பத்து டன். அம்புட்டு எப்ப வரும்னு நீங்க கேக்கலாம், நாலு பத்து பெல்லுக்கு வந்து பாருங்க, புத்தகப்பையோட சேத்து.

கெட்ட கம்பிக்கு பக்கத்துல புதுக் கம்பி வச்சு, நல்லா இருக்குற பழைய கம்பியோட ரெண்டடி ஒட்டவச்சு கட்டுக்கம்பி போட்டு இறுக்குனாங்க. மிச்ச கம்பி எல்லாத்தையும் கிரைண்டர்ல பிரஷ் மாட்டி வெள்ளி மாதிரி மின்னுற வரைக்கும் தேச்சாங்க, மூணு நாள் அந்த சத்தம், என் கடையில போன் பேச முடியல, பரவால்ல. தேச்ச அன்னைக்கே சாம்பல் கலர் பிரைமர் அடிச்சாங்க, ராத்திரி விட்டா பனியில திரும்ப துரு பூத்துடுமாம். அப்புறம் சென்டரிங், அதான் கலவைய தாங்குற அச்சுப் பலகை, அடிச்சு, பழைய காங்கிரீட்டுக்கும் புதுசுக்கும் ஒட்டுறதுக்கு ஒரு பால் மாதிரி பூசி, மைக்ரோ காங்கிரீட்னு மூட்டையில வர்றதை கரைச்சு மேலேருந்து ஓட்டை போட்டு ஊத்துனாங்க. தோசை மாவு பதத்துக்கு இருக்கு, குச்சி வச்சு குத்தவே வேணாம், தானா ஓடி மூலை எல்லாம் நெறையுது.

அதோட ஒரு அரை ஸ்டார் கொறைஞ்சது எங்கன்னா, தண்ணி காட்டுறதுல. மே மாசம், அக்கினி நட்சத்திரம், ஈர சாக்கு போட்டா ஒரு மணி நேரத்துல அப்பளம். வாய்க்கால்ல தண்ணி இல்ல, அது இல்லாததாலதான் வேலையே நடக்குது, ஆனா வேலைக்கு தண்ணி வேணும். ஸ்கூல் போர்லேருந்து ஹோஸ் இழுத்துக்கிட்டாங்க, சரி. ஞாயித்துக்கிழமை மட்டும் ஆள் வராது. கான்ட்ராக்டருக்கு போன் போட்டா எடுக்கல. அந்த ரெண்டு ஞாயிறும் நானும் வாட்ச்மேன் தாத்தாவும் பக்கத்து வீட்டு பெரியம்மாவும் மாத்தி மாத்தி கொடத்துல ஊத்துனோம். காங்கிரீட்டுக்கு ஏழு நாள் ஈரம் காயாம இருக்கணும், அதுல ஒரு நாள் லீவு விட காங்கிரீட் என்ன கவர்மெண்ட் ஸ்டாப்பா. பெரியம்மா ஊத்திக்கிட்டே, "புள்ளத்தாச்சிய குளுப்பாட்டுற மாதிரி இருக்குடி"ன்னுச்சு.

ஜூன் 2 ஸ்கூல் தொறந்தாச்சு, பாலம் முடியல. புள்ளைங்களுக்கு வாய்க்கா வழியா தற்காலிக பாதைன்னு மணல் மூட்டை அடுக்கி படி கட்டி குடுத்தாங்க, அது நல்லாவே இருந்துச்சு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கயிறு கட்டி, காலையிலயும் சாயங்காலமும் ஒரு ஆளை நிறுத்தி. அதுக்கு முழு மார்க்கு. ஆனா ஜூன் 12 மேட்டூரை தொறந்துட்டாங்க, 15ம் தேதி கல்லணையும் தொறந்தாச்சு. மேஸ்திரி என் கடை டிவிய பாத்துட்டு, "அங்க ஷட்டரை தூக்குறாங்க தங்கச்சி, எனக்கு இங்க வயித்துல தண்ணி ஓடுது"ன்னாரு. கடைசி தளம் ஊத்துனது ஜூன் 7. முட்டு எல்லாம் வாய்க்கா தரையில நிக்குது, தண்ணி வந்தா அடிச்சுக்கிட்டு போயிடும், சீக்கிரம் பிரிச்சா காங்கிரீட்டுக்கு ஆவாது. தெனமும் தலைமடைக்கு போன் போட்டு தண்ணி எது வரைக்கும் வந்துருக்குன்னு கேப்பாரு, கல்யாண வீட்டுல மாப்பிள்ளை கார் எங்க வருதுன்னு கேக்குற மாதிரி. பத்து நாள் தாண்டுன பிறகு 18ம் தேதி முட்டை பிரிச்சாங்க, 20ம் தேதி மத்தியானம் தண்ணி வந்துச்சு. மொதல்ல நொரையும் தேங்கா மட்டையும் பிளாஸ்டிக் பாட்டிலும், பின்னாடி தண்ணி. அந்த ரெண்டு நாள் இடைவெளிய நெனச்சா இப்பவும் எனக்கு கோவம் வரும், பிப்ரவரில ஆரம்பிச்சிருந்தா அந்த மனுஷன் நிம்மதியா தூங்கியிருப்பாரு. 20லேருந்து அஞ்சு நாள் மணல் மூட்டை பாதை தண்ணியில, புள்ளைங்க ரோடு சுத்தித்தான் போச்சு, 25ம் தேதி பாலத்தை தொறந்தாங்க. ரிப்பன் வெட்டல. ஒரு ரெண்டாங்கிளாஸ் பொண்ணுதான் மொத ஆளா ஓடுச்சு, அது பாட்டுக்கு.

கொற சொல்லணும்னா கைப்பிடி. புது பைப்பு ஸ்ட்ராங்கா இருக்கு, நானே புடிச்சு ஆட்டிப் பாத்தேன், அசையல. ஆனா மூணு பைப்பு படுக்கை வசத்துல, ஒண்ணுக்கொண்ணு ஒன்றரை அடி இடைவெளி. பால்கனி கட்டும்போதே நாலு அங்குலத்துக்கு மேல விடாதீங்க, புள்ள தலைய நொழைக்கும்னு சொல்லுவாங்க. இங்க தலை என்ன, பையோட சேந்து முழு புள்ளையே நொழையும். படுக்கை பைப்புன்னா ஏணி மாதிரி ஏறவும் செய்யும். கேட்டதுக்கு எஸ்டிமேட்ல அப்புடித்தான் இருக்குன்னாங்க. அப்புறம் ஸ்கூல் தரப்புல காசு போட்டு வலைக்கம்பி அடிச்சுக்கிட்டோம். அடிச்சது நம்ம லோக்கல் வெல்டர், அவருக்கு தனியா அஞ்சு ஸ்டார், கூலி பாதிதான் வாங்குனாரு.

வண்டி ஏறாம இருக்க ரெண்டு முனையிலயும் கல்லு நட்டிருக்காங்க. எண்ணம் நல்ல எண்ணம். இடைவெளி எப்புடின்னா டிவிஎஸ் எக்ஸெல்ல பால் கேனோட போறவர் சாமர்த்தியமா நொழைஞ்சு போயிடுறாரு, ஏழாவது படிக்கிற ஒரு பையன் வீல்சேர்ல வர்றான், அவன் நொழைய முடியல. தடுக்க வேண்டியவனை விட்டுடுது, விட வேண்டியவனை தடுக்குது. போதாக்குறைக்கு பாலம் ஏறுற எடத்துல அஞ்சு அங்குலம் படி. அவங்க அம்மா இன்னும் ரெண்டு பசங்கள கூப்புட்டு தூக்கித்தான் ஏத்துது. சரிவா நாலு சட்டி கலவை போட்டா முடிஞ்சு போற வேலை. மனு குடுத்திருக்கோம், டைப் அடிச்சது யாருன்னு சொல்ல வேணாம்.

காசு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டீங்கன்னா போர்டுல எழுதி வச்சிருக்காங்க. போர்டு வாய்க்காலை பாத்து நிக்குது, மீனுங்க படிச்சுக்கலாம்.

மத்தபடி தண்ணி வடியுற ஓட்டை இப்ப பெருசா, பிவிசி பைப்பு கீழ வரைக்கும் நீட்டி விட்டிருக்காங்க, தளத்தோட அடியில தண்ணி படாம நேரா வாய்க்கால்ல விழுது. சின்ன விஷயம், ஆனா 1988லயே இதை செஞ்சிருந்தா பாதி பிரச்சனை வந்திருக்காது. வாரத்துக்கு ஒரு தடவை என் கடை ஸ்கேலை வச்சு அதுல அடைச்ச மிட்டாய் பேப்பரை நான் குத்தி விடுறேன். இந்த வருஷம் ஐப்பசி கார்த்திகை மழை முழுசும் பாத்தாச்சு, ஒரு துண்டு கூட விழல, துரு கறை எங்கயும் இல்ல, தளத்து மேல தண்ணி நிக்கல. மழை ஓஞ்ச பிறகுதான் இந்த ரிவ்யூ எழுதுறேன், ஜூன்லயே எழுதியிருந்தா அது பெயின்டுக்கு எழுதுன ரிவ்யூவா இருந்திருக்கும்.

உங்க ஊர்ல இது மாதிரி வேலை நடக்குதுன்னா பூச்சு பூசுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய் கம்பிய பாத்துடுங்க. வெள்ளியா இருந்தா சரி. செவப்பா இருக்கும்போதே கலவைய குழைக்குறாங்கன்னா அங்கயே நில்லுங்க, போட்டோ எடுங்க, பூசுன பிறகு எவனாலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

போகும்போது மேஸ்திரி அந்த சின்ன சுத்தியல என்கிட்ட குடுத்துட்டு போயிட்டாரு, வச்சுக்க தங்கச்சி, ஆறு மாசத்துக்கு ஒருக்கா தட்டிப் பாருன்னு. இன்னும் தண்ணி ஓடுறதால அடிப்பக்கம் போக முடியாது, போன ஞாயித்துக்கிழமை படித்துறையில நின்னுக்கிட்டு கை எட்டுற வரைக்கும் தட்டுனேன். எல்லாம் டங்கு. ஸ்கூல் பக்கத்து மூணாவது தளத்துல ஓரமா ஒரே ஒரு எடம், உள்ளங்கை அளவு, டொப்புன்னு கேட்டுச்சு. மூணு தடவை தட்டுனேன், வாட்ச்மேன் தாத்தாவையும் தட்டச் சொன்னேன், அவருக்கும் அப்புடித்தான் கேக்குது. சாக்பீஸ்ல வட்டம் போட்டு தேதி எழுதி போட்டோ எடுத்து ஜேஇக்கு அனுப்பியிருக்கேன். ரெண்டு டிக்கு நீலமாயிடுச்சு, "பாக்குறேன் மேடம்"னு பதில் வந்திருக்கு. கான்ட்ராக்டரோட டெபாசிட் பணம் இன்னும் அவங்க கையிலதான் இருக்கு, அதனால நம்பிக்கை இருக்கு. தை பொறந்து வாய்க்கா காஞ்சதும் எறங்கி பாக்கணும். வட்டம் பெருசாயிருந்துச்சுன்னா இங்கயே வந்து ஸ்டாரை கொறைச்சுக்குறேன்.